மைல் கணக்கும் அப்புச்சியின் கேள்வியும்

நியூ ஜெர்சியில் பள்ளிக்கூடம் அடைப்பது ஜூன் மூன்றாம் வாரம், திறப்பது செப்டம்பரில். ஊருக்குப் போகிற தமிழ், தெலுங்கு, குஜராத்திக் குடும்பங்கள் அத்தனையும் அந்த இடைவெளிக்குள்தான் போய்வர வேண்டும். விமானக் கம்பெனிகளுக்கும் அது நன்றாகத் தெரியும். பிப்ரவரியில் ஒரு விலை சொல்லும் இருக்கைக்கு ஜூலையில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கேட்பார்கள். நாலு பேர் கோடையில் பெங்களூரு போய்வர ஆறாயிரம், ஏழாயிரம் டாலர் ஆகிவிடும். வீட்டு வாடகை, மருத்துவ இன்சூரன்ஸ் எல்லாம் போக அந்தப் பணத்தை எங்கே எடுப்பது? 'அடுத்த வருசம் பாத்துக்கலாம்' என்று சொல்லியே சில கோடைகளைக் கழித்தோம். கிரெடிட் கார்டு வந்த பிறகுதான் அந்தப் பேச்சு நின்றது.

பள்ளிபாளையத்துக்காரி இதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சப்பட வேண்டும். காவிரிக்கு இக்கரையில் நாங்கள், அக்கரையில் ஈரோடு. எங்கள் தெருவில் ராத்திரியும் தறிச் சத்தம் நிற்காது. அங்கே கடன் என்றால் தறி முதலாளியிடம் வாங்கும் முன்பணம். கல்யாணத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ ஒருமுறை வாங்கிவிட்டால், அதைத் தீர்க்கும்வரை வேறு பட்டறைக்கு மாற முடியாது. என் அப்பா, அதாவது என் பிள்ளைகளின் அப்புச்சி, அப்படி ஒரே பட்டறையில் வருடக்கணக்கில் தறி ஓட்டியவர். "கார்டுல வாங்குனா நமக்கு லாபங்கப்பா" என்று போனில் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "வட்டி எத்தன?"

வட்டி 20 சதவீதத்துக்கு மேல். ஒரு மாதம் பாக்கி வைத்தாலும், செலவுக்கு வங்கி தரும் புள்ளியில் வந்த லாபம் வட்டியில் போய்விடும். பில் வந்ததும் முழுத் தொகையையும் கட்டிவிடக் கூடியவர்களுக்கு மட்டும்தான் இந்த ஆட்டம்.

ஆட்டம் இதுதான். புதுக் கார்டு வாங்கி, முதல் மூன்று மாதத்தில் நாலைந்தாயிரம் டாலர் செலவழித்தால் 60,000 புள்ளி போனஸ் என்று வங்கி ஆசை காட்டும். மளிகை, பெட்ரோல், கார் இன்சூரன்ஸ், பிள்ளையின் பல் வைத்தியம் என்று எப்படியும் ஆகிற செலவையே அந்தக் கார்டில் போடுவோம். முதலில் என் பெயரில் ஒரு கார்டு. அதில் போனஸ் விழுந்ததும் வீட்டுக்காரர் பெயரில் இன்னொன்று. ஹோட்டல் சாப்பாட்டுக்கு மூன்று மடங்கு புள்ளி தரும் கார்டும் உண்டு. நியூ ஜெர்சியின் எடிசனில் பள்ளிபாளையம் சிக்கன் சாப்பிட்டே பள்ளிபாளையம் போக மைல் சேர்த்திருக்கிறோம். (அங்கே அதில் தக்காளி போடுகிறார்கள். சின்ன வெங்காயமும் வரமிளகாயும் தேங்காய்ச் சில்லும்தானே அதில் சேரும்?)

புள்ளிகளை விமானக் கம்பெனியின் மைல்களாக மாற்றி, அந்த மைல்களில் டிக்கெட் எடுக்கலாம். ஏர் பிரான்ஸ் – கேஎல்எம் நடத்தும் பிளையிங் புளூ திட்டத்தில் 2 முதல் 11 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு மைல் கணக்கில் கால் பங்கு தள்ளுபடி. குடும்பஸ்தர்களுக்கு அது பெரிய விஷயம். கத்தார் ஏர்வேஸும் பிரிட்டிஷ் ஏர்வேஸும் ஏவியோஸ் என்கிற ஒரே புள்ளியை வைத்திருக்கின்றன. டிக்கெட் முழுக்க இலவசம் என்று நினைத்துவிடக் கூடாது. வரியையும் சில கம்பெனிகள் போடும் எரிபொருள் கட்டணத்தையும் நாம்தான் கட்ட வேண்டும். மைலுக்கான இருக்கைகளைப் பயணத்துக்குப் பத்துப் பதினோரு மாதம் முன்பே திறந்துவிடுவார்கள். திறந்தாலும் நாலு இருக்கை சேர்ந்தாற்போல் கிடைப்பது அபூர்வம். அதனால் நானும் மகளும் பாரிஸ் வழியாகவும், வீட்டுக்காரரும் மகனும் மறுநாள் தோஹா வழியாகவும் போவோம். பெங்களூரில் ஒன்றுசேர்ந்து ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம், சங்ககிரி என்று காரில் இறங்கினால் ஊர்.

இந்த மைல் வியாபாரம் பழசு. 1978-இல் அமெரிக்க அரசு விமானக் கட்டணக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியதும் கம்பெனிகளுக்குள் போட்டி முற்றியது. வந்த வாடிக்கையாளரைக் கட்டிப்போட 1981 மே மாதத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் மைல் திட்டத்தை ஆரம்பித்தது. 1987-இல் சிட்டிபேங்கோடு சேர்ந்து அதைக் கார்டிலும் ஏற்றியது. 1999-இல் டேவிட் பிலிப்ஸ் என்கிற கலிபோர்னியா இன்ஜினீயர் மைல் சலுகைக்காக 12,150 கப் புட்டிங் வாங்கி, ஏறக்குறைய மூவாயிரம் டாலர் செலவில் 12 லட்சத்துக்கு மேல் மைல் அள்ளினார். எல்லாவற்றையும் விட எனக்கு ரசமாகப் பட்டது 2020-இல் நடந்தது. கொரோனாவில் விமானங்கள் முடங்கிக் கிடக்க, யுனைட்டெட் ஏர்லைன்ஸ் தன் மைல் திட்டத்தை ஈடு காட்டி 680 கோடி டாலர் திரட்டியது. நகையை அடகு வைத்துப் பாவு நூல் வாங்கும் ஊரில் வளர்ந்தவளுக்கு இது சட்டென்று புரிந்துவிடும்.

அப்பாவுக்குப் புரியாதது வேறு. "சும்மா எவங் கண்ணு குடுப்பான்? அந்தப் புள்ளிக்கெல்லாம் காசு கட்டறது ஆரு?" தீபாவளி போனஸ் எத்தனை சதம் என்று தொழிலாளிகளும் முதலாளிகளும் வருடா வருடம் மல்லுக்கட்டுவதைப் பார்த்த மனிதர். செலவழிப்பவனுக்கே போனஸ் என்றால் அவருக்குச் சந்தேகம் வராதா?

காசு கட்டுவது கடைக்காரர். கார்டைத் தேய்க்கும்போது நூறு டாலருக்கு ஏறக்குறைய இரண்டு டாலர் கட்டணமாக அவர் கையை விட்டுப் போகிறது; அதில் ஒரு பங்குதான் நமக்குப் புள்ளியாக வருகிறது. அந்தக் கட்டணத்தை அவர் விலையில் ஏற்றுகிறார். ரொக்கம் கொடுப்பவரும் அதே விலையைத்தான் தருகிறார். எடிசன் ஓக் ட்ரீ ரோட்டு மளிகைக் கடையில் எனக்கு முன்னால் நிற்கும் கட்டடத் தொழிலாளி வாரக்கூலியிலிருந்து கசங்கிய இருபது டாலர் நோட்டை நீட்டுகிறார்; நான் கார்டை நீட்டுகிறேன். பாஸ்டன் பெடரல் ரிசர்வ் வங்கியின் ஆய்வாளர்கள் 2010-இல் இதைக் கணக்குப் போட்டார்கள். ரொக்கத்தில் வாங்கும் ஒவ்வொரு குடும்பமும் ஆண்டுக்குச் சராசரியாக 149 டாலரைக் கார்டுக் குடும்பங்களுக்குக் கொடுக்கிறது; கார்டுக் குடும்பத்துக்குக் கிடைப்பது 1,133 டாலர். பாக்கி வைத்து வட்டி கட்டுகிறவர்கள் தருவது இதற்கு மேல்.

ஐரோப்பாவில் 2015-இல் கிரெடிட் கார்டுப் பரிமாற்றக் கட்டணத்துக்கு 0.3 சதவீதம் என்று வரம்பு கட்டிவிட்டார்கள். அதனால் ஜெர்மனியில் இருக்கும் என் சித்தப்பா மகனுக்கு எங்களைப் போலப் புள்ளி சேராது. பள்ளிபாளையம் டீக்கடையில் போனில் ஸ்கேன் பண்ணிப் பதினைந்து ரூபாய் கொடுத்தால் 2020 ஜனவரியிலிருந்து கடைக்காரருக்குக் கட்டணமே கிடையாது; நமக்கு மைலும் கிடையாது. அதுதான் நியாயமான ஏற்பாடு என்று எனக்குப் படுகிறது. ஆனாலும் இருக்கிற ஊரின் விதிப்படி கார்டை நீட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

எல்லாம் கேட்டுவிட்டு அப்பா, "அப்ப நம்மாட்ட கூலிக்காரந்தான் பேரப்புள்ளைகளுக்கு டிக்கெட் எடுத்துக் குடுக்கறான்னு சொல்லு" என்றார். பக்கத்திலிருந்த அம்மா போனைப் பிடுங்கி, "ஆரு எடுத்தா என்ன? ஆடிப் பதினெட்டுக்கு முன்னால வந்து சேருங்க" என்றாள்.

புள்ளியைச் சேர்த்து வைத்துப் பிசினஸ் கிளாஸில் போகலாம் என்று வீட்டுக்காரருக்கு ஓர் ஆசை. எனக்கு அதில் இஷ்டமில்லை. இன்று ஒரு டிக்கெட்டுக்கு எத்தனை மைல் கேட்கிறார்களோ, நாளைக் காலையில் அதை முன்னறிவிப்பில்லாமல் ஏற்றிவிடுவார்கள். அப்பாவுக்கும் வயது எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. இந்தக் கோடைக்கு ஜூலை கடைசி வாரத்தில் பாரிஸ் வழியாக இரண்டு இருக்கை கிடைத்திருக்கிறது. மீதி இரண்டுக்கு வீட்டுக்காரர் ராத்திரி தூங்கப்போகும் முன் தேடுகிறார், நான் காலையில் தேடுகிறேன்.