ஆளில்லாத் தீவு

ஜோகூரில் குளுவாங்கை அடுத்த ரப்பர்த் தோட்டமொன்றின் லயத்தில் வளர்ந்தவன் நான். பன்னிரண்டாம் வயதில், ராபின்சன் குரூசோ கதையின் தமிழ்ச் சுருக்கம் ஒன்று கிடைத்தது. அட்டை கிழிந்த அந்நூலை மண்ணெண்ணெய் விளக்கின் முன் எத்தனை முறை படித்தேன் என்பதற்குக் கணக்கில்லை. விடியற்காலைப் பிரட்டும் கங்காணியின் அதட்டலும் இல்லாத இடமும் உலகத்தில் உண்டு என்று எனக்கு முதன்முதலில் சொன்னது அதுவே. தான் விதைத்ததைத் தானே அறுத்துத் தானே உண்ணும் அம்மனிதன்மீது எனக்கு உண்டான பொறாமை கொஞ்சமன்று. மெர்சிங் கடலில் தீவுகள் பல உண்டென்று கேள்விப்பட்டு, ஒரு படி அரிசியைத் துணியில் முடிந்து ஒளித்து வைத்து நாள் பார்த்திருந்தேன். வாசகர்கள் சிரிக்கலாம், என் தாயார் அதைக் கண்டெடுத்து உலையிலிட்டுவிட்டார்.

பின்னாளில் முழு நூலையும் படித்தபோதுதான் திடுக்கிட்டேன். டானியல் டீபோ 1719-இல் வெளியிட்ட அக்கதையில், குரூசோ தீவை அடையுமுன்னரே பிரேசிலில் தோட்ட முதலாளி! தோட்ட வேலைக்கு அடிமைகளைக் கொண்டுவர ஆப்பிரிக்காவுக்குப் போகும் வழியிலேயே அவன் கப்பல் உடைந்தது. நான் படித்த சுருக்கத்தில் இச்செய்தியே இல்லை. தீவில் தான் காப்பாற்றியவனுடைய சொந்தப் பெயரை அவன் கேட்கவும் இல்லை. கிழமையின் பெயரைச் சூட்டி, தன்னை எசமான் என்றழைக்கக் கற்பித்தான். என் பாட்டனாரும் கப்பலேறி வந்தவரே. அத்தீவில் எங்களுக்குரிய இடம் எது என்பது அன்று விளங்கிற்று.

நம் மணிமேகலையிலும் இத்தகைய கதை உண்டு. அமுதசுரபியோடு சாவக நாட்டுக்குக் கப்பலேறிய ஆபுத்திரன், காற்றின் வேகத்தால் கப்பல் தங்கிய மணிபல்லவத்தில் இறங்கினான். அவன் ஏறிவிட்டான் என்றெண்ணிக் கப்பல் இரவிலே போய்விட்டது. அள்ள அள்ளக் குறையாத உணவு கையில் இருந்தது. இட்டு மகிழ ஆளில்லை. பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு, உண்ணாதிருந்து உயிர் துறந்தான். குரூசோவோ இருபத்தெட்டு ஆண்டுகள் வாழ்ந்து, தீவு முழுதும் தன் சொத்தென்றே எண்ணினான்.

ஆபுத்திரன் செத்தது எனக்குச் சம்மதமில்லை. இன்னொரு கப்பலுக்குக் காத்திருந்திருக்கலாம். ஆனால் அந்தத் தனிச்சோறு தொண்டையில் இறங்காதது விளங்குகிறது. லயத்தில் எங்கள் வீட்டில் அடுப்பெரியாத நாளில் அண்டை வீட்டுக் குழம்பு வந்துவிடும். அவர்கள் வீட்டில் எரியாத நாளில் எங்களுடையது போகும்.

சென்ற ஆண்டு பேத்தியோடு மெர்சிங் படகுத்துறையில் நின்றபோது, ஆளில்லாத் தீவுக்குப் போவதானால் யாரை அழைத்துப் போவாய் என்று கேட்டேன். அவள் விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள். பதினோராவது பெயர் வருவதற்குள் படகு புறப்பட்டுவிட்டது.