பாட்டியின் ஜெபம்

கஷ்டம் வந்தால் உடனே ஸ்தோத்திரம் சொல்லச் சொல்வார்கள் எங்கள் சபையில். முறையிடுவது அவிசுவாசமாம். எனக்கு இது ஒத்துவந்ததே இல்லை, காரணம் பாட்டி.

1929இல் ஜே.ஏ. ரசல் கேமரன் மலையில் தேயிலைத் தோட்டம் தொடங்கினார். கொழுந்தெடுக்க மலையேறிய தமிழர்களின் வழிவந்தவர் பாட்டி. அப்பாவுக்கு நெஞ்சுவலி கண்ட இரவு, தானா ராத்தாவிலிருந்து ஆம்புலன்ஸ் வர வேண்டும். வெளியே நீட்டிய கை தெரியாத பனிமூட்டம். லயத்துப் படியில் உட்கார்ந்து பாட்டி சத்தமாகவே கேட்டார்: "ஏன்யா, காது அடைச்சிருச்சா உனக்கு? எம்புருஷன எடுத்துக்கிட்ட. புள்ளையுமா?"

"ஆண்டவர்கிட்ட இப்படியா பேசுறது அத்தை?" என்றார் அம்மா.

"வேற யாருகிட்ட பேசச் சொல்ற?"

அப்பா அன்று பிழைத்தார், மறுவருடம் இறந்தார். அதனால் சபையில் எழுந்து நின்று சாட்சி சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

ஆனால் பாட்டி பேசியதுதான் வேதாகமத்தின் மொழி. 13ஆம் சங்கீதத்தில் ஆறே வசனங்கள். அதற்குள் இன்னும் எவ்வளவு காலம் என்று நான்கு முறை கேட்டுவிடுகிறான் பாடுகிறவன். அதுகூடக் கடைசியில் நம்பிக்கைக்குத் திரும்பிவிடும். 88ஆவது திரும்புவதேயில்லை. கூப்பிடுகிறான், பதில் வரவில்லை, இருளோடு முடிகிறது. தொகுத்தவர்கள் ஒரு நல்ல வரியைச் சேர்த்து ஒப்பேற்றியிருக்கலாம். சேர்க்கவில்லை. சபையில் அதை யாரும் வாசித்து நான் கேட்டதில்லை.