வாசலை மறைத்து நிற்பவர்கள்



கடந்த மாதம் நம் சபையின் சகோதரி ஒருவருடைய மருத்துவப் பரிசோதனைக்காக, அவருடைய தம்பியும் நானும் அவரோடு வேலூருக்குப் புறப்பட்டோம். முதுகுத்தண்டில் ஏற்பட்ட காயத்தால் அவர் பல ஆண்டுகளாகச் சக்கர நாற்காலியில் இருக்கிறவர்.

ரயில் நிலையத்தில் முதலாம் நடைமேடையில் காத்திருந்தோம். ரயில் வருவதற்குச் சற்று முன், அது மூன்றாம் நடைமேடைக்கு வரும் என்று அறிவித்தார்கள். மின்தூக்கியின் கதவில் ‘பழுது’ என்ற அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. சாய்தளமும் இல்லை. வேறு வழியின்றி, சுமை தூக்கும் தொழிலாளர் இருவரும் நாங்கள் இருவருமாக அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு நடைமேம்பாலத்தின் படிகளில் ஏறி இறங்கினோம். எதிரே வந்தவர்கள் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். ‘பாவம்’ என்று ஒருவர் சொன்னது எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது.

ரயில் நகர்ந்த பிறகு, “கர்த்தருடைய கிருபை, நேரத்துக்கு வந்துவிட்டோம்” என்றேன். சகோதரி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “ஐயா, நடக்க முடியாதது எனக்குப் பழகிவிட்டது. மூட்டையைப் போலத் தூக்கப்படுவதுதான் இன்னும் பழகவில்லை” என்றார்.

அன்றிரவு மாற்கு சுவிசேஷத்தின் இரண்டாம் அதிகாரத்தை மீண்டும் வாசித்தேன். கப்பர்நகூமில் திமிர்வாதக்காரனைச் சுமந்து வந்த நால்வரைப் பற்றி எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். எப்போதும் அவர்களுடைய தோள்களைப் பற்றியே பேசியிருக்கிறேன். சுமப்பதோடு அவர்கள் நின்றுவிடவில்லை என்பது அன்றுதான் என் மனதில் தைத்தது. வழி அடைபட்டிருந்தபோது அவர்கள் கட்டடத்தையே மாற்றினார்கள். பிரிக்கப்பட்ட கூரைக்காக ஆண்டவர் ஒருவரையும் கடிந்துகொள்ளவில்லை. அவர்களுடைய விசுவாசத்தையே கண்டார். கடைசியில் அந்த மனிதன், தன்னைச் சுமந்த படுக்கையைத் தானே சுமந்துகொண்டு, எல்லோருக்கும் முன்பாக வெளியே போனான்.

அப்படியானால் அவனுக்கு வழியை அடைத்தவர்கள் யார்? துன்மார்க்கர் அல்ல. வசனம் கேட்க வந்து வாசலில் நெருங்கி நின்ற நல்லவர்கள்தான்.

வழியை மாற்றுவதும் அன்பின் செயலே. ரயில் நிலைய நடைமேடைகளில் நாம் மிதித்துச் செல்லும் மஞ்சள் நிறப் புடைப்புக் கற்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானைச் சேர்ந்த செய்இச்சி மியாகே என்பவர், பார்வை குன்றிவந்த தம் நண்பருக்காக இதை உருவாக்கினார். 1967 மார்ச் 18 அன்று ஒகாயாமா நகரில், பார்வையற்றோர் பள்ளி ஒன்றின் அருகே, அவை முதன்முதலாகப் பதிக்கப்பட்டன. கோடுகள் இருந்தால் நடக்கலாம். புள்ளிகள் இருந்தால் நிற்க வேண்டும். ஒரு நண்பரின் கையைப் பிடித்துச் செல்வதற்குப் பதிலாக அவர் பாதையைத் திருத்தினார். இன்று உலகெங்கும் முகமறியாத பலர் அதன்மேல் தாங்களாகவே நடக்கிறார்கள்.

நம் நாட்டிலும் இது தயவு சார்ந்த காரியமல்ல, உரிமை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் இயற்றப்பட்டது. ரயில் நிலையங்களின் வாகன நிறுத்துமிடமும் கழிப்பறையும் பயணச்சீட்டு முகப்பும் அவர்கள் பயன்படுத்தத்தக்கதாக இருக்க வேண்டும் என்று அதன் 41-ஆம் பிரிவு கூறுகிறது. குருடனுக்கு முன்பாகத் தடுக்கலை வைக்கலாகாது என்ற கட்டளையை லேவியராகமம் அதற்கு வெகுகாலம் முன்பே நமக்குக் கொடுத்திருக்கிறது.

ஆகையால், பிரியமானவர்களே, மஞ்சள் கற்களின்மேல் உங்கள் பெட்டிகளை வைக்காதிருங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான பெட்டியில் இடம் பிடிக்காதிருங்கள். மின்தூக்கி பழுதாகிக் கிடந்தால், நமக்குப் படிகள் இருக்கின்றனவே என்று கடந்துபோகாமல், நிலைய மேலாளரிடம் எழுதிக் கொடுங்கள்; 139 என்ற எண்ணில் முறையிடுங்கள். நடக்க முடிந்தவர்கள் கேட்டாலும் அது முறையீடுதான்.

ரயில் நிலையத்தைக் குறித்து இவ்வளவு எழுதிய பிறகு, இன்னொன்றையும் நான் அறிக்கையிட வேண்டும். நம் ஆலய வாசலில் மூன்று படிகள் இருக்கின்றன. ஞாயிறுதோறும் நம் வாலிபர்கள் அந்தச் சகோதரியைத் தூக்கித்தான் உள்ளே கொண்டுவருகிறார்கள். அதை நான் பிரசங்க பீடத்திலிருந்து அன்பின் சாட்சியாகப் பாராட்டியிருக்கிறேன். அப்போது அவருடைய முகத்தை நான் பார்க்கவில்லை.

சாய்தளத்தில் ஓர் அடி உயர்வுக்குப் 12 அடி நீளம் வேண்டும். நம் படிகள் மூன்றும் சேர்ந்து ஒன்றரை அடி; ஆகவே 18 அடி தேவை. இடமில்லை என்று சபைக் குழுவில் முன்பு தள்ளிவைத்தோம். ஊரிலிருந்து திரும்பியதும் நானே அளந்து பார்த்தேன். இடம் இருக்கிறது. அங்கே என் கார் நிற்கிறது.

வருகிற ஞாயிறு முதல் அது தெருவில் நிற்கும். சாய்தள வேலையைத் தொடங்கக் குழுவின் சம்மதத்தைக் கேட்டிருக்கிறேன். உங்கள் ஜெபத்தையும் கைகளையும் கேட்கிறேன்.

ஜெபிப்போம்: ஆண்டவரே, உம்மிடம் வருகிறவர்களுக்கு நாங்கள் அறியாமலே தடையாக நின்றதை மன்னியும். சுமக்கத் தோள்களைத் தந்த நீர், வழியைத் திறக்கும் மனதையும் தாரும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.