மூவாயிரம் ரூபாய்க்கு ஒரு தியேட்டர்: வாங்கலாமா, வேண்டாமா?



ஹாஸ்டல்ல இப்போ பாதிப் பேர் கேட்கிற கேள்வி ஒண்ணுதான். "மாப்ள, அந்தக் குட்டி புரொஜெக்டர் வாங்கலாமா?" டப்பா மேல '9000 லூமென்ஸ், 4கே சப்போர்ட், 200 இன்ச் திரை'ன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கான். விலை 2,000-ல ஆரம்பிச்சு 4,000 வரைக்கும் போகுது. இந்தக் காசுக்கு நல்ல ஷூவே வராது, தியேட்டர் வருமான்னு ஒரு சந்தேகம் எல்லாருக்கும் இருக்கு.

நான் படிக்கிறது பி.காம். ஒரு கணக்குல எந்த நம்பர் உப்பியிருக்குன்னு பார்க்கத்தான் மூணு வருஷமா சொல்லிக்கொடுக்கிறாங்க. பக்கத்து ரூம் மாப்ள ஏற்கெனவே ஒண்ணு வாங்கி வச்சிருக்கான். அதை ஒரு வாரம் இரவல் வாங்கி, டப்பாவையும் ஒரு பேலன்ஸ் ஷீட் மாதிரி ஆடிட் பண்ணிட்டேன். :-)

முதல்ல அந்த லூமென் கதை. லூமென்னா மொத்த வெளிச்சத்தோட அளவு. நம்ம ரூம்ல எரியிற 20 வாட் எல்இடி டியூப்லைட் சுமாரா 2,000 லூமென் கொடுக்கும். அப்போ 9,000 லூமென்னா நாலரை டியூப்லைட்! உள்ளங்கை அளவு டப்பாவுக்குள்ள அது எப்படி?

பதில் அடாப்டர்லயே இருக்கு. மாப்ளயோட அடாப்டர் லேபிள்ல 12 வோல்ட், 3 ஆம்பியர்னு இருந்துச்சு. பெருக்கினா 36 வாட். எல்இடி ஒரு வாட்டுக்கு ஏறக்குறைய 100 லூமென் தரும்னு வைங்க. ஃபேன், ஸ்பீக்கர் தின்கிற கரண்டை எல்லாம் விட்டுட்டு, முழுக்க விளக்குக்கே போகுதுன்னு தாராளமா எடுத்தாக்கூட 3,600-தான். அதுக்கப்புறம் வெளிச்சம் ஒரு எல்சிடி தகடு வழியா வரணும். அதுல இருக்கிற போலரைசர் பாதியைத் தின்னுடும்: 1,800. சிவப்பு, பச்சை, நீலம்னு பிரிக்கிற வடிகட்டி மூணுல ரெண்டு பங்கை நிறுத்திடும்: 600. புள்ளிகளுக்கு நடுவுல இருக்கிற இடைவெளி, லென்ஸ், பக்கவாட்டில் சிதறுறது எல்லாம் போக சுவத்துக்கு வந்து சேர்றது 100, 150 லூமென் இருந்தா பெரிய விஷயம். டப்பாவுல போட்டது கிராஸ், நம்ம கைக்கு வர்றது நெட். பிடித்தம் எல்லாம் நடுவுலயே முடிஞ்சிடுது!

அதனால டப்பாவுல வெறும் 'லூமென்ஸ்'னு இருந்தா கண்டுக்காதீங்க. 'ஆன்சி லூமென்' இல்லன்னா 'ஐஎஸ்ஓ லூமென்'னு இருக்கான்னு தேடுங்க. ஆன்சி முறையில திரையை ஒன்பது கட்டமாப் பிரிச்சு, ஒவ்வொரு கட்டத்தோட நடுவுலயும் வெளிச்சத்தை அளந்து, சராசரி எடுத்து, பரப்பளவால் பெருக்குவாங்க. சுவத்துல விழுற வெளிச்சம்தான் அங்க கணக்கு. ரெண்டுமே போடலையா? அடாப்டர் வாட்டைப் பாருங்க. அந்த லேபிள்ல பொய் எழுதுறது கொஞ்சம் கஷ்டம்.

அடுத்து, எவ்வளவு பெருசாப் பார்க்கலாம்? 60 இன்ச் படத்தோட பரப்பளவு கிட்டத்தட்ட சரியா ஒரு சதுர மீட்டர். 100 லூமெனை அதுல பரப்பினா 100 லக்ஸ். அதையே 100 இன்ச்சுக்கு இழுத்தா பரப்பு 2.75 சதுர மீட்டர், வெளிச்சம் 36 லக்ஸ். டப்பாவுல சொன்ன 200 இன்ச்சுக்கு 11 சதுர மீட்டர், வெறும் 9 லக்ஸ். ஒரு டம்ளர் பாலை எத்தனை பேருக்கு ஊத்துறோம்ங்கிற அதே கதை. மாப்ள ரூம்ல கட்டில்லேர்ந்து சுவத்துக்கு ஆறடி, படம் 50 இன்ச்சுக்குப் பக்கம். எல்லா லைட்டையும் அணைச்சப்போ சத்தியமா நல்லாவே இருந்துச்சு. டியூப்லைட்டைப் போட்டதும் படம் காணோம். காரணம் சிம்பிள்: புரொஜெக்டரால கறுப்பை அடிக்க முடியாது. படத்துல கறுப்பா இருக்க வேண்டிய இடம், வெளிச்சம் விழாத சுவர், அவ்வளவுதான். அந்தச் சுவத்துல டியூப்லைட் வெளிச்சம் விழுந்தா கறுப்பு எல்லாம் சாம்பல் ஆயிடும்.

மூணாவது, இந்த '1080பி சப்போர்ட்' மேட்டர். சப்போர்ட்னா அந்த ஃபைலை வாங்கிக்கும்னு மட்டும்தான் அர்த்தம். காட்டுறது 'நேட்டிவ் ரெசல்யூஷன்'ல. ரொம்ப மலிவானதுல அது 320 × 240-தான், அதாவது 76,800 புள்ளி. முழு ஹெச்டிக்கு 20,73,600 புள்ளி வேணும். 27 மடங்கு வித்தியாசம்! கொஞ்சம் மேல போனா 1280 × 720 உள்ளது கிடைக்குது. வாங்குறதா இருந்தா அதுக்குக் கீழ இறங்காதீங்க. மாப்ளயோடது முதல் ரகம். சண்டைக் காட்சி ஜோரா இருக்கு. ஆனா செமினாருக்காக எக்செல் திறந்தா ஒரு நம்பரும் படிக்க முடியல, 3-ஆ 8-ஆன்னு சத்தியம் பண்ணித்தான் சொல்லணும். 'ப்ராஜெக்ட் பிரசன்டேஷனுக்கு ஆகும்'னு வீட்ல சொல்லிக் காசு வாங்க நினைக்கிறவங்க கவனிக்க.

சரி, இப்போ நம்ம சப்ஜெக்டுக்கு வருவோம்.

3,000 ரூபா. ஆயுசு ஒரு வருஷம், ஸ்க்ராப் வேல்யூ பூஜ்யம். வாரத்துக்கு ஆறு மணி நேரம், லீவு போக 30 வாரம்: 180 மணி நேரம். ஒரு மணி நேரத்துக்கு 17 ரூபாக்குள்ள. நாலு பேர் பங்கு போட்டா தலைக்கு நாலு ரூபா சொச்சம். கரண்டு வருஷத்துக்கே ஏழு யூனிட்தான். தியேட்டர் டிக்கெட் 150-னு வச்சா, நாலு பேர் அஞ்சு படம் பார்த்தாலே போட்ட காசு வந்துடும்னு ஒருத்தன் கணக்குப் போட்டான்.

இங்கதான் ஒரு ஓட்டை இருக்கு. அந்த அஞ்சு படத்தையும் நாம தியேட்டர்லயா பார்த்திருப்போம்? போன்லதானே பார்த்திருப்போம்! அப்போ ஒப்பிட வேண்டியது தியேட்டரோட இல்ல, ஏற்கெனவே கையில இருக்கிற போனோட. போன்ல படம் இதைவிடத் தெளிவு, செலவும் இல்ல. அப்புறம் இந்த 3,000-க்கு என்னதான் கிடைக்குது? நாலு பேர் ஒரே நேரத்துல ஒரே இடத்துல சிரிக்கிறது. அதுக்கு ஒரு விலை உண்டுன்னா வாங்கலாம். தனியா போர்வைக்குள்ள பார்க்கிற ஆளுக்கு அஞ்சு பைசாவுக்குப் பிரயோஜனம் இல்ல.

நான் இவ்வளவு தூரம் குடைஞ்சதுக்குக் காரணம் இருக்கு. முகூர்த்த நாள்ல கல்யாண வீட்டுப் பந்தியில பரிமாறப் போறேன், நாளுக்கு 600 ரூபா. 3,000-ங்கிறது எனக்கு அஞ்சு முகூர்த்தம். வீட்ல இருந்த டிவி அரசாங்கம் கொடுத்த 14 இன்ச் பெட்டி. 2006-ல தொடங்கின அந்த இலவச டிவி திட்டத்துல வந்தது, போன வருஷம்தான் கண்ணை மூடுச்சு. புது 32 இன்ச் டிவிக்கு எட்டாயிரமாவது வேணும். அஞ்சு முகூர்த்தத்துல முடியிறதுக்கு எதுக்குப் பதினாலு முகூர்த்தம் போகணும்னுதான் புரொஜெக்டரையே பார்க்க ஆரம்பிச்சேன்.

ஆனா எங்க அம்மா பீடி சுத்துறாங்க. தென்காசிப் பக்கம் எங்க தெருவுல பாதி வீட்ல இதுதான் வேலை. சாயங்காலம் மடியில சொளவை வச்சுக்கிட்டு, இலையை வெட்டி, தூளை வச்சுச் சுருட்டி, நூல் கட்டிக்கிட்டேதான் அம்மா சீரியல் பார்ப்பாங்க. பாதி நேரம் பார்க்கிறதுகூட இல்ல, கேட்கிறதுதான். அந்த வேலைக்கு வெளிச்சம் வேணும். இருட்டுல இலை வெட்டினா விரல் போயிடும், கட்டு சரியில்லன்னா பீடிக் கடையில கழிச்சுக் கட்டிடுவாங்க. புரொஜெக்டருக்கோ இருட்டு வேணும். அம்மா டிவி பார்க்கணும்னா வேலையை நிறுத்தணும்னு சொல்ற ஒரு சாமானை எந்த மூஞ்சியோட வீட்டுக்குத் தூக்கிட்டுப் போறது? எங்க வீட்டு அளவுக்கு எட்டாயிரம்தான் மலிவு, மூவாயிரம்தான் விலை ஜாஸ்தி. இன்னும் ஒன்பது முகூர்த்தம் ஓடணும், ஓடிடலாம்.

ஹாஸ்டல் கணக்கு வேற. இருட்டு இலவசம், நாலு பேர் ரெடி. அங்க வாங்கலாம்னுதான் நானே சொன்னேன். வாங்குறவங்க மட்டும் இதைக் குறிச்சுக்கோங்க:

1. 'நேட்டிவ்' 1280 × 720-ஆன்னு பாருங்க. போடலைன்னா 320 × 240-னு எடுத்துக்கோங்க.

2. படத்தை 60 இன்ச்சுக்கு மேல இழுக்காதீங்க. வெள்ளைச் சுவர் போதும்.

3. சுவத்துக்கு நேரா வைங்க. கோணலா வச்சுட்டு மெனுவுல நிமிர்த்தினா இருக்கிற புள்ளியும் குறையும்.

4. காசு கட்டிப் பார்க்கிற ஓடிடி ஆப் பல நேரம் போன்லேர்ந்து மிரர் பண்ணினா கறுப்புத் திரைதான் காட்டும். காப்பி அடிக்கக் கூடாதுன்னு போட்ட பூட்டு அது. வந்த முதல் ராத்திரியே சோதிச்சுப் பாருங்க.

5. பணம் திரும்ப வருமா, பொருளை மட்டும்தான் மாத்திக் கொடுப்பாங்களான்னு வாங்குறதுக்கு முன்னாடியே படிங்க. டப்பாவைக் கிழிச்சுப் போடாதீங்க. பொய் விளம்பரத்தைப் பத்தி 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பேசுது, புகாருக்கு 1915-னு ஒரு நம்பரும் இருக்கு.

வாங்கலாமா வேண்டாமான்னு இனிமே யாராவது கேட்டா நான் திருப்பிக் கேட்கப் போறது ரெண்டே கேள்விதான்: பார்க்கப் போற நேரத்துல லைட்டை அணைக்க முடியுமா? உங்ககூட உட்கார்ந்து பார்க்க ஆள் இருக்கா? ரெண்டுக்கும் ஆமான்னா தாராளமா வாங்குங்க மக்கா. எங்க ரூமுக்கு வந்ததும் சொல்றேன், பாயும் முறுக்கும் எடுத்துட்டு வாங்க!