உறைந்த தேன்

மார்த்தாண்டத்தை அடுத்த பங்கொன்றில் நாம் பணியாற்றிய காலை, தேனீப் பெட்டிகள் வைத்திருந்த முதியவர் ஒருவர் ஆண்டுதோறும் நமக்கு ஒரு குப்பி தேன் கொணர்வார். ரப்பர்த் தேன்தான். மலைத்தேனே உயர்ந்ததென எண்ணியிருந்த நாம் அதனை அத்துணை மதித்தோமில்லை. ஒரு மார்கழியில் பார்த்தபோது பாதிக் குப்பி சர்க்கரைபோல் உறைந்து கிடந்தது. ஞாயிறு பூசை முடிந்து பலர் சூழ நிற்கையில், "பாகு கலந்தீரோ?" என நகையாடினோம். அவர் விடை பகரவில்லை. மறு ஆண்டு தேனும் வரவில்லை.

பின்னரே கற்றோம். மாசி, பங்குனியில் ரப்பர் மரம் துளிர்க்கையில், மூன்று சிற்றிலைகள் கூடும் காம்பின் நுனியில் இனிய நீர் சுரக்கிறது. தேனீக்கள் திரட்டுவது அதனையே, மலரிலிருந்து அன்று. (ஆதலின் இது தேனே அன்று என்பாரும் உளர், நாம் உடன்படோம்.) குளுக்கோசு மிகுந்த தேன் உறைவது இயல்பு, கலப்படத்தின் அடையாளமன்று. நீரில் துளிவிட்டுப் பார்ப்பதும், தீக்குச்சியில் தடவிக் கொளுத்துவதும் எதனையும் மெய்ப்பிப்பதில்லை. நாம் போற்றிய மலைத்தேனோ பெரும்பாலும் அடையைப் பிழிந்தெடுப்பது; ஈரம் மிகுந்திருப்பின் விரைவில் நுரைத்துப் புளித்துவிடும். கொசுத்தேன் சிறிதளவே கிடைப்பதால் விலை மிகுதி.

மாற்றலாகிச் செல்லுமுன் அந்தக் குப்பியோடு முதியவர் இல்லம் சென்று, பிழை பொறுக்க வேண்டினோம். அவர் அதனை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"வெந்நீரில் இறக்கி வைத்தால் இளகிவிடுமே, சாமி" என்றவர், உள்ளே திரும்பி அடுப்பில் நீர் வைக்கச் சொன்னார்.