படிக்க வந்தவர் ஒருவர், கூட வந்தவர் ஒருவர்

தீபாவளிக்குத் துணி எடுக்கவும், கல்யாணத்துக்கு மாலை சொல்லவும் தோட்டத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்களுக்கு பிரிக்பீல்ட்ஸ் என்றால் துன் சம்பந்தன் சாலைதான். வண்ண வளைவுகள், நெய் மணக்கும் பலகாரக் கடைகள், காதைப் பிளக்கும் பாட்டு. 2010 அக்டோபரில் அப்போதைய இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் நம் நாட்டின் அப்போதைய பிரதமர் நஜிப்பும் சேர்ந்து ‘லிட்டில் இந்தியா’ என்று திறந்து வைத்த தெரு அது.

பேர் வந்த கதை அதைவிடப் பழையது. 1881-ல் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து வந்து கோலாலம்பூரின் அத்தாப்பு வீடுகளை அழித்த பிறகு, இனிச் செங்கல்லில்தான் கட்ட வேண்டும் என்று உத்தரவாயிற்று. அதற்குக் கல் அறுத்துச் சுட்ட இடம் இது. பின்னால் ரயில்வே வந்தது. யாழ்ப்பாணத்துக் கிராணிமாரும் தமிழ்நாட்டுத் தொழிலாளரும் குடியேறினார்கள். பார்வையற்றோர் சங்கமும் இங்கேதான். நடைபாதையில் புடைப்பான கற்கள் பதித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை கோலால் வழி தேடுகிறவர்களுக்காக.

இந்தக் கடைத்தெருவுக்குப் பின்னால் இப்போது அடுக்குமாடி வீடுகள் எழும்பி நிற்கின்றன. அவற்றில் ஒரு புது வகைக் குடித்தனக்காரர்கள் வந்திருக்கிறார்கள். இந்தியாவிலிருந்து மேல்படிப்புக்கு வருகிறவர்களும், அவர்களோடு கூட வருகிற மனைவியரும். (மனைவி படிக்க, கணவன் கூட வந்த குடும்பமும் ஒன்று எனக்குத் தெரியும். பிள்ளையைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுவது அந்தத் தம்பிதான்.)

முன்பெல்லாம் நம் பிள்ளைகள் மருத்துவம் படிக்க இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். இன்று அங்கிருந்து இங்கே வருகிறார்கள். எம்.பி.ஏ. என்கிற நிர்வாகப் படிப்பு கற்றுத்தரும் வணிகப் பள்ளிகள் கோலாலம்பூரில் பல உண்டு. நம் மத்திய வங்கியான பேங்க் நெகாராவும் அமெரிக்காவின் எம்.ஐ.டி. சுலோன் பள்ளியும் சேர்ந்து 2015-ல் ‘ஏஷியா ஸ்கூல் ஆஃப் பிசினஸ்’ என்று ஒன்றைத் தொடங்கின. 2016-ல் முதல் எம்.பி.ஏ. வகுப்பு சேர்ந்தது. கணக்கு, விற்பனை, ஆளை நடத்தும் வகை என்று பாடங்கள். போதாததற்கு மாணவர்களைக் கம்பெனிகளுக்கே அனுப்பி, அங்குள்ள சிக்கலைத் தீர்த்துக் காட்டு என்பார்களாம். தோட்டத்து மானேஜர் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து செய்ததை எல்லாம் இப்போது பரீட்சை வைத்துக் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

படிக்கிறவருக்குப் பொழுது போதாது. கூட வந்தவருக்குப் பொழுது போகாது.

என் அண்டை வீட்டுக்கு வந்த பெண் கோயம்புத்தூர்க்காரி. வயது முப்பதுக்கு மேல் இருக்காது. ஊரில் பாங்கு ஒன்றில் எட்டு வருடம் வேலை. கணவர் எம்.பி.ஏ. படிக்கக் கிளம்பியதும் வேலையை விட்டுவிட்டுக் கூட வந்துவிட்டாள். படிக்க வருகிறவரின் துணை இந்நாட்டில் தங்கலாம், ஆனால் வேலை செய்யக்கூடாது என்பது சட்டம். வருவதற்கு முன்பே அது அவளுக்குத் தெரியும். ஒரு வருடந்தானே, ஓய்வாக இருக்கலாம் என்று எண்ணியிருக்கிறாள்.

காலை எட்டு மணிக்குக் கணவர் போனால் இரவு பத்துக்குத் திரும்புவார். குழுப் படிப்பு, கட்டுரை, அடுத்த நாளுக்குத் தயாராவது. நடுவில் சில வாரம் வெளியூர்ப் பயிற்சி. அவள் சமைப்பாள், துடைத்ததையே துடைப்பாள். பத்தாவது மாடி ஜன்னலில் நின்றால் கீழே சென்ட்ரல் நிலையத்துக்கு ரயில் வருவதும் போவதும் தெரியும். ஜாலான் பெர்ஹாலாவில் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் இருக்கிறதல்லவா, அங்கே பாட்டு வகுப்பில் சேர்த்துவிட்டேன். வாரத்தில் ஒரு நாளுக்கு அது ஆயிற்று. மற்ற ஆறு நாளுக்கு?

ஒரு நாள் பூக்கடை வாசலில் நின்றபோது சொன்னாள்: “எட்டு வருசம் என் சம்பளத்துல இருந்தனுங்க அக்கா. இப்ப ஒரு முழம் பூ வாங்கோணும்னாலும் அவர்கிட்டக் கேக்கோணும். அவர் இல்லீன்னு சொல்றதே இல்லைங்க. ஆனா கேக்கோணுமில்லீங்களா?”

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தச் சனிக்கிழமை அவளைக் கிள்ளானுக்கு அழைத்துப் போனேன்.

சென்ட்ரலில் கொமுட்டர் ஏறினால் போதும். இது நாட்டின் பழைய ரயில் பாதைகளில் ஒன்று. 1886-ல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றின் இக்கரையில் உள்ள புக்கிட் கூடா வரை ஓடியது. பிறகு பாலம் கட்டி ஆற்றைத் தாண்டிற்று. 1901-ல் திறந்த சுவிட்டன்ஹாம் துறைமுகம்தான் 1972 முதல் கிள்ளான் துறைமுகம். இப்போது அங்கே வானுயரத் தூக்கிகளும் பெட்டி பெட்டியாய் அடுக்கிய சரக்கும்தான் கண்ணில் படும். ஆனால் நம்மில் பலருடைய பாட்டன் பாட்டி இந்த மண்ணில் முதல் காலடி வைத்தது அந்தக் கரையில்தான்.

என் அப்பாயியும் அப்படித்தான் வந்தாள். 1928-ல், நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பலேறி, தாத்தாவோடு. அவளும் கூட வந்தவள்தான். பால்மரத்துக் கூலிக்குப் பேர் கொடுத்தவர் தாத்தா. ஆனால் துறைமுகத்து முகாமில் அடைத்து வைத்த நாட்கள் கழிந்து லயத்தில் சட்டிபானை இறக்கியதுமே, விடிந்தால் பெரட்டுக்கு வா என்று தண்டல் அவளுக்கும் சொல்லிவிட்டான். வேலை செய்யலாமா, கூடாதா என்று கேட்பார் இல்லை. கைப்பிள்ளையை ஆயாக்கொட்டகையில் போட்டுவிட்டு மரம் சீவப் போனாள். 1920-களின் கடைசியில் சிலாங்கூர்ப் பக்கம் நிர்ணயித்த நாள்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930-ல் ரப்பர் விலை விழுந்ததும் அது 40-ம் 32-மாகக் குறைந்தது. 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் எழுந்த வேலைநிறுத்தத்தில் கூலி உயர்வு மட்டுமா கேட்டார்கள்? பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்த வேண்டும் என்பதும் கோரிக்கைகளில் ஒன்று.

இதை எல்லாம் ரயிலில் சொல்லிக்கொண்டே போனேன். “அந்த நாப்பது காசு யார் கையிலங்க அக்கா இருக்கும்?” என்று கேட்டாள். பாங்கில் வேலை பார்த்தவள் அல்லவா, கேள்வியும் அப்படித்தான் வரும். அப்பாயியின் சுருக்குப்பையில்தான் இருந்தது. தாத்தா கள்ளுக்கடைக்குப் போகும் நாட்களில் அந்தப் பைக்காகச் சண்டை நடக்கும் என்று அப்பா சொல்லியிருக்கிறார். அப்பாயி ஒரு நாளும் பையைக் கொடுத்ததில்லையாம்.

கிள்ளான் நிலையத்திலிருந்து தெங்கு கிளானா சாலை நடக்கும் தூரம்தான். பிரிக்பீல்ட்ஸ் அலங்காரம் செய்துகொண்ட தெரு என்றால், இது அலங்காரத்துக்கு நேரமில்லாத தெரு. மசாலை அரைப்பவர், தாலி செய்பவர், முறுக்குச் சுடுபவர், எல்லாரும் தோளோடு தோள் உரசிக்கொண்டு. எனக்குக் கிள்ளான்தான் பிடிக்கும்.

அங்கே மாலை கட்டும் அம்மா ஒருவரை எனக்கு நெடுநாளாய்த் தெரியும். பன்னிரண்டு வயதில் மரம் சீவப் போனவர். தோட்டம் செம்பனையாக மாறிய பிறகு டவுனுக்கு வந்தவர். புதுப் பெண்ணைப் பார்த்ததும், “என்னா வேல செய்ற புள்ள?” என்றார். அவள் முகம் சுண்டிவிட்டது. “சும்மாதானுங்கம்மா இருக்கேன். இங்க நான் வேலை செய்யக்கூடாதுங்க.”

அம்மா கை நாரை நிறுத்தினார். “செய்யக்கூடாதா? எங்கள ஒரு நாளு வேலைக்கு வராதேன்னு யாரும் சொன்னதில்லியே!” என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. “கையக் கட்டிப் போட்டா சோறு எப்படி எறங்கும்?” என்றபடி முக்காலியை நகர்த்திப் போட்டு, கொஞ்சம் மல்லிகையும் நாரும் அவள் மடியில் வைத்தார். அரை மணி நேரம் இருவரும் பேசவில்லை. கிளம்பும்போது அவள் கட்டிய சரத்தை அவள் தலையிலேயே வைத்துவிட்டார்.

இதை நான் எழுதக் காரணம் உண்டு. தோட்டத்துப் பிள்ளைகளும் இன்று மேல்படிப்புக்கு வெளிநாடு போகிறார்கள். கல்யாணமானவர்கள் துணையோடு போக நினைக்கிறார்கள். நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. அமெரிக்காவில் மாணவரின் துணையாய் அதற்குரிய விசாவில் போகிறவர் வேலை செய்யக்கூடாது. பிரிட்டனில் 2024 ஜனவரி முதல் எம்.பி.ஏ. போன்ற படிப்புக்குப் போகிறவர் துணையை அழைத்துப் போகவே முடியாது. ஆஸ்திரேலியாவில் முதுகலை மாணவரின் துணை, படிப்பு தொடங்கிய பின் மணிக்கணக்குக் கட்டுப்பாடின்றி வேலை செய்யலாம். நகையை அடகு வைப்பதற்கு முன் இதைக் கேளுங்கள். சட்டம் மாறிக்கொண்டே இருப்பதால், போகிற வருடத்தில் இன்னொரு முறை கேளுங்கள். கூடவே, போகிற இடத்தில் பணம் யார் கையில் என்பதையும் வீட்டிலேயே பேசி முடித்துவிடுங்கள்.

கோயம்புத்தூர்ப் பெண் அதைத் தாமதமாகத்தான் பேசினாள். மாதம் முதல் தேதியே வீட்டுச் செலவுப் பணம் முழுவதும் அவள் கணக்குக்கு வந்துவிடுகிறது. பஸ் காசுக்கும் புத்தகக் காசுக்கும் கணவர்தான் இப்போது அவளிடம் கேட்கிறாராம். ஊரில் அவள் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்துவிட்டார். பாங்குப் பரீட்சை ஒன்றுக்குப் படிக்கத் தொடங்கியிருக்கிறாள். பத்தாவது மாடி ஜன்னலில் இப்போது இரவு பத்து மணிக்கும் இரண்டு விளக்குகள் எரிகின்றன.