மழைக்கணக்கு சொல்லும் நுங்கம்பாக்கத்தில் வேற்றுக்கோள் தேடிய கதை!

ஐப்பசி பிறந்துவிட்டால் சென்னைச் செய்திகளில் இரண்டு ஊர்ப்பெயர்கள் தவறாமல் வரும். மீனம்பாக்கம், நுங்கம்பாக்கம். இத்தனை சென்டிமீட்டர் மழை என்று சொல்லி முடித்ததும் நுங்கம்பாக்கத்தை எல்லோரும் மறந்துவிடுவார்கள்.

கல்லூரிச் சாலையில் இருக்கும் அந்த வானிலை மைய வளாகத்துக்குள் ஒரு கருங்கல் தூண் நிற்கிறது. 15 அடி உயரம், சுமார் 10 டன் எடை, ஆண்டு 1792. கிழக்கிந்தியக் கம்பெனியின் மெட்ராஸ் வானாய்வகம் இங்கேதான் இயங்கியது. கருவி துளியும் ஆடக் கூடாது என்பதற்காக இந்தத் தூணின் மீதுதான் தொலைநோக்கியைப் பொருத்தியிருந்தார்கள். தூணில் தமிழும் தெலுங்கும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஆயிரம் ஆண்டு கழித்து வருபவர்களும் இந்த இடத்தை அறிந்துகொள்ள வேண்டும் என்பது அந்த வாசகத்தின் சாரம். இருநூற்றுச் சொச்சம் ஆண்டுகளிலேயே வாசலைக் கடந்து போகிறவர்களில் பலருக்கு இது தெரியாது என்பது வேறு விஷயம்.

சூரியக் குடும்பத்துக்கு வெளியே ஒரு கோள் இருப்பதாக உலகத்துக்குச் சொல்லப்பட்ட மிகப் பழைய அறிவிப்புகளில் ஒன்று இங்கிருந்துதான் போனது. ஆண்டு 1855. சொன்னவர் வானாய்வகத்தின் தலைவர் கேப்டன் வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப்.

அவர் பார்த்தது '70 ஒபியூக்கி' என்ற இரட்டை நட்சத்திரத்தை. நம்மிடமிருந்து 16 ஒளியாண்டுக்குச் சற்றே கூடுதலான தூரம். இரண்டும் ஒன்றையொன்று சுற்றிவர 88 ஆண்டுகள் ஆகின்றன. குழந்தைகள் கைகோத்துத் தட்டாமாலை சுற்றுவதை நினைத்துக்கொள்ளுங்கள். இருவர் மட்டும் சுற்றினால் சுற்று சீராக இருக்கும். ஒரு குழந்தையின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மூன்றாவதாக ஒரு பொடிசு தொங்கினால்? சுற்று லேசாகக் கோணும். பொடிசு நம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் கோணலை வைத்து அது இருப்பதை ஊகிக்கலாம். கணக்குப்படி இருக்க வேண்டிய இடத்திலிருந்து நட்சத்திரம் சற்று விலகியிருப்பதாக ஜேக்கப்புக்குத் தோன்றியது. கோள் ஒன்று இருப்பதற்கான வாய்ப்பு மிக அதிகம் என்று எழுதினார்.

அதே ஆண்டில், உலகங்கள் பல உண்டா என்ற விவாதம் பற்றியும் ஒரு சிறு நூல் வெளியிட்டார். வேறு உலகங்களில் உயிர்கள் இருக்குமா என்று இங்கிலாந்தில் அப்போது பெரிய வாக்குவாதமே நடந்துகொண்டிருந்தது. அதில் மெட்ராஸிலிருந்தும் ஒரு குரல்!

ஆனால், அந்தக் கோள் இல்லை. 1890-களில் அமெரிக்க வானியலாளர் தாமஸ் சீ அதே நட்சத்திரத்தில் கண்ணுக்குத் தெரியாத துணை ஒன்று இருப்பதாக இன்னும் உறுதியாகச் சொன்னார். அப்படியொரு மூவர் கூட்டு நிலைத்திருக்கவே முடியாது என்று 1899-ல் மோல்டன் என்ற இளம் ஆய்வாளர் கணக்குப் போட்டுக் காட்டினார். இன்றுவரை அங்கே எந்தக் கோளும் உறுதியாகவில்லை.

ஜேக்கப்பைக் குறை சொல்வது எளிது. பத்து ரூபாய் நாணயத்தை ஒரு கிலோமீட்டர் தள்ளி வைத்தால் எத்தனை சிறிதாகத் தெரியுமோ, அந்த இரு நட்சத்திரங்களுக்கு நடுவே தெரியும் இடைவெளி ஏறக்குறைய அவ்வளவுதான். அவர் தேடிய விலகல் அதைவிட மிகச் சிறியது. கையில் இருந்தது ஆறு அங்குலத்துக்குச் சற்றே பெரிய தொலைநோக்கி. உடல்நலம் கெட்டு ஊர் திரும்பியவர், மலைமேல் ஒரு வானாய்வகம் அமைக்க 1862-ல் மறுபடி இந்தியா வந்தார். வந்த சில நாள்களிலேயே புனேயில் இறந்துபோனார். வயது 48.

கோள் பொய்த்தாலும் வழி பொய்க்கவில்லை. 1995-ல் மேயரும் கேலோஸும் சூரியனைப் போன்ற நட்சத்திரம் ஒன்றைச் சுற்றும் கோளைக் கண்டுபிடித்ததும் நட்சத்திரத்தின் ஆட்டத்தை வைத்துத்தான். ஜேக்கப் இடம் விலகுவதைத் தேடினார். இவர்கள் ஒளியில் பதியும் ஆட்டத்தை அளந்தார்கள். அதற்கு 2019-ல் நோபல் பரிசு கிடைத்தது. உறுதியான வேற்றுக்கோள்களின் எண்ணிக்கை 2025-ல் 6,000-ஐத் தொட்டுவிட்டது.

நுங்கம்பாக்கத்தில் கண்டுபிடித்தது எல்லாமே பொய்த்துவிடவில்லை. 1861-ல் போக்சன் இங்கிருந்து கண்டுபிடித்த சிறுகோளின் பெயரே 'ஆசியா'. இங்கே பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-ல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டறிந்தார். 1874-ல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது மக்களுக்கு அதை விளக்கச் சிறு நூல் எழுதி, கன்னடம், உருது உட்படப் பல மொழிகளில் தர முயன்றார். இன்றைய அறிவியல் யூடியூபர்களுக்கெல்லாம் மூத்தவர் என்றால் மிகையில்லை! 1899-ல் வானியல் பணி கொடைக்கானலுக்குப் போய்விட, நுங்கம்பாக்கத்துக்கு மழையும் வெயிலும் மிஞ்சின. தூணைப் பார்க்க விரும்புகிறவர்கள் அனுமதி கேட்டுத்தான் போக வேண்டும். அது அரசு அலுவலகம்.

அனுமதி எல்லாம் வேண்டாம், சீட்டு வாங்கிக்கொண்டு நட்சத்திரம் பார்த்தால் போதும் என்பவர்களுக்குக் கோட்டூர்புரத்தில் 1988 முதல் பிர்லா கோளரங்கம் இருக்கிறது. அங்கிருந்து அடையாறு தாண்டி பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரைக்குப் போனால் வேற்றுலகத் தேடலின் இன்றைய அத்தியாயத்தை மூக்காலேயே உணரலாம். கடல்வாசனைக்கு ஒரு காரணம் 'டைமெத்தில் சல்ஃபைடு' என்ற வாயு. கடலில் மிதக்கும் நுண்ணுயிர்களால் உருவாவது அது. 124 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள 'கே2-18பி' என்ற கோளில் இந்த வாயுவோ இதன் நெருங்கிய உறவான இன்னொரு வாயுவோ இருப்பதற்கான அறிகுறி தெரிவதாக, இந்தியாவில் பிறந்த கேம்பிரிட்ஜ் விஞ்ஞானி நிக்கு மதுசூதன் குழுவினர் 2025 ஏப்ரலில் அறிவித்தார்கள். கருவி, ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி. அதே தரவுகளை எடுத்து ஆராய்ந்த மற்ற குழுக்கள், இந்தச் சான்று போதாது என்றன. விவாதம் இன்னும் முடியவில்லை.

ஜேக்கப்பின் நட்சத்திரத்தையும் இந்தக் கரையிலிருந்தே தேடலாம். ஆடி மாதம், இரவு ஒன்பது மணிவாக்கில் திருவான்மியூர்ப் பக்கம் பார்த்து நின்றால் விருச்சிகத்தின் வளைந்த வால் தெரியும். அங்கிருந்து அப்படியே கண்ணை உயர்த்திக்கொண்டே வர வேண்டும். உச்சிக்குச் சற்று முன்பு, மங்கலாக ஒரு புள்ளி. நகர வெளிச்சத்தில் வெறுங்கண்ணுக்குத் தட்டுப்படுவது கடினம். பைனாகுலர் இருந்தால் நல்லது.